கால் மணிக்கொரு அழைப்பு

வியாழக்கிழமை காலை கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் தேவநேசனின் குரல்வளையை எடுத்துவிடப் போகிறார்கள். புற்று, வேறு வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கழுத்தில் ஒரு துளை இருக்கும், மூச்சு அது வழியாகப் போய் வரும், பேச்சு இருக்காது. இன்றைக்குத் திங்கட்கிழமை. அறுபத்தாறு வயது மனிதருக்குப் பேச இன்னும் மூன்றே நாள்தான் மீதி.

அருவங்காட்டில் அவருடைய வீடு ஒரு வாரமாக ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆகிவிட்டது. பெங்களூரில் இருக்கும் மகள் ஈவ்லினின் யோசனை அது. "அப்பா, போன்ல பட்டனை அமுக்கிட்டு எல்லாத்தையும் பேசி வைங்க. பாப்பா பிறந்த நாளுக்கு, கல்யாணத்துக்கு, எல்லாத்துக்கும்" என்றாள். மனைவி மெட்டில்டா முப்பது வருடம் டீச்சராக இருந்தவள், சும்மா விடுவாளா? என்னென்ன பேச வேண்டும் என்று நோட்டில் நம்பர் போட்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டாள். காலை ஜெபம், ராத்திரி ஜெபம், பேத்திக்குப் பத்து வருடத்து வாழ்த்து, கடைசியாக 'மெட்டில்டா' என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது. அந்தக் கடைசி வரியை எழுதும்போது அவள் அழுதுவிட்டாள். தேவநேசன் கரகரத்த தொண்டையோடு எல்லாவற்றையும் வரிசையாகப் பேசி வைத்தார்.

பட்டியலில் இல்லாத ஒன்று பாக்கி இருந்தது. வீட்டுக்குப் பின்னால் விறகு ஷெட்டில் போய் நின்றுகொண்டு அதைப் பேசிப் பார்த்தார். "வனிதாம்மா, நான் தேவநேசன் பேசறேன். மனோகரனைப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லோணும்." அதற்கு மேல் வராது. நான்கு தடவை பேசி நான்கு தடவையும் அழித்தார். இருபத்தோரு வருடமாக மறைத்ததைப் போனில் அனுப்பிவிட்டு வியாழக்கிழமை போய்ப் படுத்துக்கொள்வது கேவலம் என்று அவருக்கே தெரிந்தது. நேரில் போக வேண்டும், தன் வாயால் சொல்ல வேண்டும்.

வனிதா, மனோகரனின் மனைவி. மனோகரன் தேவநேசனோடு ஒரே விமானத்தில் பறந்தவன், இவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவன், முப்பத்து மூன்று வயதில் அந்த விமானத்திலேயே இறந்துபோனவன். இவர் சொல்ல வேண்டியது என்ன என்று புரிய, முதலில் அந்த விமானத்தைச் சொல்லியாக வேண்டும்.

ரஷ்யாவில் செய்தது அது. கண்டம் தாண்டிப் போய்க் குண்டு போட்டுவிட்டுத் திரும்புவதற்கென்றே கட்டியது. நம் கடற்படை ஆட்கள் அதைக் கடலுக்கு மேல் காவல் சுற்ற வைத்திருந்தார்கள். நான்கு எஞ்சின்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக இரண்டு விசிறிகள், ஒன்று இந்தப் பக்கம் சுற்றினால் மற்றது அந்தப் பக்கம் சுற்றும். அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். காதில் பஞ்சு, அதன்மேல் ஹெட்போன், அப்படியும் பல்லுக்குள் கேட்கும். இறங்கி வந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டு அதிர்கிற மாதிரியே இருக்கும். தேவநேசனின் இடது காது அதில்தான் போனது. அருவங்காட்டு பஜாரில் அவரோடு பேச வருகிறவர்கள் வலது பக்கமாகச் சுற்றி வந்துதான் நிற்பார்கள்.

அவர் ஃப்ளைட் இன்ஜினீயர். விமானத்தை ஓட்டுகிறவர் பைலட், எஞ்சின்களைக் கட்டி மேய்க்கிறவர் இவர். நான்கையும் ஒன்றன்பின் ஒன்றாக எழுப்பி, எண்ணெய் அழுத்தம் பார்த்து, சூடு பார்த்து, ஒரு பக்கத்து இறக்கையில் எரிபொருள் குறைந்தால் மறுபக்கத்திலிருந்து மாற்றிவிட்டு, பன்னிரண்டு மணி நேரப் பறப்பென்றால் பன்னிரண்டு மணி நேரமும் மீட்டர் முட்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். முப்பது வருட சர்வீஸில் அந்த விமானம் சண்டையில் ஒரு குண்டுகூடப் போட்டு அவர் பார்த்ததில்லை. ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "அட, சும்மா சொல்லுங்க" என்பார்கள்.

ஒழுங்கு அவருக்கு ரத்தத்தில் வந்தது. அப்பா வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். தீப்பெட்டியோடு கேட்டுக்குள் போனால் வேலை போய்விடும் என்பதால், தினமும் காலையில் பாக்கெட்டைத் தலைகீழாகத் திருப்பி மேசையில் தட்டிக் காட்டிவிட்டுத்தான் புறப்படுவார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகும்போதும் தட்டுவார். பிள்ளைகள் சிரிக்கும். அப்படிப்பட்டவருக்குப் பிறந்தவர்தான் அந்தக் காரியத்தைச் செய்தார். அதை நினைக்கிறபோதெல்லாம் தேவநேசனுக்குக் கூசும்.

விமானத்தின் முன்பக்கத்தில் ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். வாலில் ஒரே ஒருவர். அந்த வால் அறைக்குத் தனி ஏணி, தனிக் கதவு. பறக்க ஆரம்பித்துவிட்டால் முன்னாலிருந்து அங்கே போக வழி கிடையாது. இடையில் நாற்பது மீட்டர் நீளத்துக்கு விமானத்தின் உடம்பு, அதற்குள் ஓடுகிற ஒரு இன்டர்காம் கம்பி, அவ்வளவுதான் உறவு. வாலில் இருப்பவர் பின்னால் பார்த்து உட்கார்ந்திருப்பார். சண்டை வந்தால் துப்பாக்கியைப் பிடிப்பார், இல்லாவிட்டால் கடந்துபோன கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இடம் மனோகரனுடையது.

மனோகரனின் அப்பா அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். கூடலூர் பக்கத்து எஸ்டேட் லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றை அறை வீடுகளில் ஒன்றில், பிறந்தவன் அவன். "லயத்துலயும் கடைசிக் காம்பரா, பிளேன்லயும் கடைசிக் காம்பரா, என் ராசி அப்படிண்ணே" என்று சிரிப்பான். தனியாக உட்கார்ந்திருக்கிற நேரத்தில் முழங்கால் பாக்கெட்டிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து வனிதாவுக்குக் கடிதம் எழுதுவான். விமானத் தளத்தில் அத்தனை பேர் இருந்தும் நீலகிரிக்காரர்கள் இவர்கள் இரண்டு பேர்தான். குளிர் காலத்தில் மற்றவர்கள் ஸ்வெட்டரைத் தேடும்போது இவர்கள் பனியனோடு நின்று டீ குடிப்பார்கள்.

அங்கே ஒரு விதி இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை ஃப்ளைட் இன்ஜினீயர் வாலைக் கூப்பிட வேண்டும். "டெயில், எப்படி?" என்று கேட்க வேண்டும், "டெயில் நார்மல்" என்று பதில் வர வேண்டும், அதைத் தாளில் குறிக்க வேண்டும். வாலில் இருப்பவரும் தன் தாளில் குறிக்க வேண்டும். இறங்கியபின் இரண்டு தாளையும் ஒத்துப் பார்ப்பார்கள். இது மரியாதைக்குக் கூப்பிடுவதல்ல. அந்த உயரத்தில் அறைக்குள் இருக்கும் காற்று மெல்லக் கசிந்து குறைந்தால், உள்ளே இருப்பவருக்கு அது தெரியாது. கள் குடித்தவர் மாதிரி சந்தோஷமாக இருக்கும், கை தள்ளாடும், நாக்கு குழறும், தான் நன்றாக இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார். அந்தக் குழறலை இன்னொருவர் காதுதான் கண்டுபிடிக்க முடியும். கண்டுபிடித்தால் விமானத்தைச் சட்டென்று மூச்சு விடக் காற்று உள்ள உயரத்துக்குக் கீழே இறக்கிவிடலாம், ஆள் பிழைத்துக்கொள்வார். இன்னொரு விதியும் உண்டு. தீ, அந்நிய விமானம் இரண்டையும் தவிர வேறெதற்கும் வால் முதலில் பேசக் கூடாது. கூப்பிட்டால் பதில் சொல்லலாம், அவ்வளவுதான். மனோகரன் மட்டும் அந்தப் பதிலில் விதியில் இல்லாத ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வான். "டெயில் நார்மல், அண்ணே."

விதி இப்படி இருக்க, நடப்பு வேறாக இருந்தது. பன்னிரண்டு மணி நேரத்தில் நாற்பத்தெட்டு அழைப்புகள். நாற்பத்தெட்டுக்கும் ஒரே பதில். அலுப்புத் தட்டியது. ஒரு மணி நேரத்துக்கான நான்கு கட்டங்களையும் மொத்தமாக 'நார்மல்' போட்டு நிரப்பிவிடுகிற பழக்கம் எல்லா விமானத்திலும் இருந்தது. வாலிலும் அப்படியே நிரப்புவார்கள், அதனால் தாள்கள் ஒத்துப்போகும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, கை தானாகப் பழகிக்கொண்டது.

2004 ஜனவரியில் ஒரு காலை. பத்தே கால் மணிக்குத் தேவநேசன் நிஜமாகவே கூப்பிட்டார். "டெயில் நார்மல், அண்ணே" என்று பதில் வந்தது. அப்போது ரேடியோக்காரர் கையைத் தட்டிக் காட்டினார். ஆஸ்திரேலியாவில் நடக்கிற ஒரு நாள் ஆட்டத்தின் கமெண்டரி அவருக்குக் கிடைத்துவிட்டது. முன்னால் இருந்தவர்கள் முகமெல்லாம் மலர்ந்தது. அதைக் கேட்க வேண்டுமானால் ஹெட்போனின் திருகைத் திருப்ப வேண்டும். திருப்பினால் வாலின் இணைப்பு அறுந்துவிடும். தேவநேசன் திருப்பினார். பத்தரை, பத்தே முக்கால், பதினொன்று என்று மூன்று கட்டங்களில் 'நார்மல்' போட்டார். பதினொன்றே காலுக்குத் திருகை மாற்றி "டெயில், எப்படி?" என்றார். பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டார். எட்டுத் தடவை கூப்பிட்டார்.

விமானத்தை உடனே கீழே இறக்கினார்கள், தளத்துக்குத் திருப்பினார்கள். தளம் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. வால் அறையின் கதவைத் திறந்தபோது மனோகரன் தலையை நெஞ்சில் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான்.

விசாரணையில் கேட்டார்கள். பதினொரு மணிக்குக் கூப்பிட்டாயா? கூப்பிட்டேன். குரல் எப்படி இருந்தது? நார்மலாக இருந்தது. வாலில் கிடைத்த தாளிலும் பதினொரு மணிக்கு 'நார்மல்' என்றே இருந்தது. முன்னால் இருந்தவர்கள் யாரும் கிரிக்கெட்டைப் பற்றி வாய் திறக்கவில்லை. கடைசிக் கால் மணியில்தான் காற்று போயிருக்கிறது, யாராலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று எழுதி முடித்துவிட்டார்கள்.

உடலோடு கூடலூருக்கு வந்தவரும் தேவநேசன்தான். எஸ்டேட் லயத்து வாசலில் வனிதா மூன்று வயது மகாலட்சுமியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது குரல் போயிருந்தது. "கடைசியா என்ன சொன்னாரு, அண்ணே?" என்று கேட்டாள். "நார்மல்னு சொன்னாம்மா. பதினோரு மணிக்கு. தெளிவா சொன்னான்" என்றார் தேவநேசன். விசாரணையில் சொன்ன பொய் கூட அவரை அவ்வளவு அறுக்கவில்லை. இது அறுத்தது.

இரண்டு வருடம் கழித்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தார். குன்னூர்ப் பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. நன்றாகத்தான் வாழ்ந்தார். சர்வீஸில் இருந்தபோது லீவு போட்டும், பிறகு ஊரிலிருந்தும், ஒவ்வொரு ஜனவரியும் அந்த நாளில் ஊட்டி பஸ் ஸ்டாண்டில் ஒரு பாக்கெட் வர்க்கி பிஸ்கட் வாங்கிக்கொண்டு வனிதாவைப் பார்க்கப் போவார். அவள் டீ போட்டுக் கொடுப்பாள். மழை, தேயிலை விலை, மகாலட்சுமியின் படிப்பு என்று பேசுவார்கள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பார். டீ ஆறும், பஸ்ஸுக்கு நேரமாகும், எழுந்து வந்துவிடுவார். இருபத்தோரு ஜனவரி இப்படியே போயிற்று.

இன்றைக்குச் சட்டையை மாட்டும்போது மெட்டில்டா சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏனுங்க, எங்க கிளம்பிட்டீங்க?"

"கூடலூர் வரைக்கும்."

"இந்த மழையிலயா? ஜனவரிக்கு இன்னும் ரெண்டு மாசம் கிடக்குதுங்க. டாக்டர் தொண்டையை அலட்டக் கூடாதுன்னாரு."

"ஜனவரியில எனக்குப் பேச்சு இருக்காது, மெட்டில்டா."

அவள் அவரையே பார்த்தாள். முப்பத்தெட்டு வருடக் குடித்தனம். ஜனவரி மாதம் அந்த ஒரு நாள் மட்டும் அவர் ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொள்வதை அவள் கவனிக்காமலா இருந்திருப்பாள்? மஃப்ளரை எடுத்து வந்து கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "ஊட்டுக்கு இருட்டறதுக்குள்ள வந்துடுங்க" என்றாள்.

ஊட்டி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் கை பழக்கத்தில் வர்க்கி பாக்கெட்டை வாங்கிவிட்டது. கூடலூர் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மடியிலிருந்த பாக்கெட்டைப் பார்த்தார். இதைப் போய் இன்றைக்கும் தூக்கிக்கொண்டு போகிறோமே என்று வெட்கமாக இருந்தது. பைக்காரா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நடுவட்டத்து இறக்கத்தில் டிரைவர் கியரை மாற்ற மாற்ற எஞ்சின் முனகியது. இந்த வண்டிக்கு இரண்டாவது கியரில் ஏதோ கோளாறு என்று அவருடைய உடம்பு சொல்லிற்று. சாவுக்குப் பயந்தது கிடையாது அவர். ஒரு பெண்பிள்ளையின் முகத்துக்கு இருபத்தோரு வருடமாகப் பயந்துகொண்டிருந்தார்.

வனிதா இப்போது ஸ்ரீமதுரையில் இருந்தாள். அங்கன்வாடியில் வேலை, பக்கத்திலேயே இரண்டு அறை வீடு. மகாலட்சுமி கோயம்புத்தூரில் நர்ஸ். இவர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை, பிள்ளைகளை அனுப்பிவிட்டு அப்போதுதான் வந்திருந்தாள். ஐம்பது வயது, காதோரம் நரை. வாசலில் இவரைப் பார்த்ததும் திகைத்துப் போனாள்.

"வாங்கண்ணே. என்ன, ஜனவரி கூட வரலையே. உடம்புக்கு என்ன, குரல் இப்படிக் கம்மிக் கிடக்கு?"

தொண்டையைச் சொன்னார், வியாழக்கிழமையைச் சொன்னார். அவள் வர்க்கியை வாங்கி அலமாரிமேல் வைத்துவிட்டு டீ போடத் திரும்பினாள்.

"டீ வேண்டாம்மா. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். தேவநேசன் எச்சிலை விழுங்கினார், வலித்தது. வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. கடைசியில் மூன்றே சொல்லாக வந்தது.

"நான் அன்னைக்குக் கூப்பிடலைம்மா."

வனிதா கையை மடியில் கோத்துக்கொண்டாள்.

"பத்தே காலுக்குக் கூப்பிட்டேன். அதுக்கப்புறம் மூணு தடவை கூப்பிட்டிருக்கணும். கூப்பிடலை. தாள்ல மட்டும் போட்டுட்டேன். பதினோரு மணிக்கு அவன் எதுவும் சொல்லலை. உங்கிட்ட நான் சொன்னது பொய்."

வெளியே தகரத்தில் மழை கொட்டியது. வனிதா எழுந்து உள்ளே போனாள். டிரங்குப் பெட்டியைத் திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் ஒரு சின்ன நோட்டு இருந்தது. தேவநேசனுக்கு அதைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முழங்கால் பாக்கெட் நோட்டு.

"அவரு சாமானையெல்லாம் பெட்டியில போட்டு மூணு வாரம் கழிச்சு அனுப்புனாங்க. அதுல இருந்துச்சு. தமிழ் தெரியாதவங்க பொரட்டிப் பாத்துட்டு, பொண்டாட்டிக்கு எழுதுன கடுதாசின்னு விட்டுட்டாங்க போல" என்று சொல்லி, கடைசிப் பக்கத்தைப் பிரித்து அவரிடம் நீட்டினாள்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மேலே இருந்தது மனோகரனின் வழக்கமான சின்ன எழுத்து.

'வனி, மணி பத்தரை. அண்ணன் கூப்பிடலை. நேத்து ராத்திரி முழுக்க எஞ்சின் வேலையில நின்னாரு. பாவம், தூங்கட்டும். நானே தாள்ல பதினொண்ணு வரைக்கும் நார்மல்னு போட்டுட்டேன்.'

அதற்குக் கீழே எழுத்து பெரிதாகி, கோட்டை விட்டு இறங்கியிருந்தது.

'பத்தே முக்கால். இன்னும் கூப்பிடலை. கடல் ரொம்ப அழகா இருக்கு வனி. சிரிப்பா வருது.'

கடைசியாக, பக்கத்தின் குறுக்கே, முதல் வகுப்புப் பிள்ளை எழுதினது மாதிரி கோணல்மாணலாக மூன்று சொற்கள். 'டெயில் நார்மல் அண்ணே.'

தேவநேசன் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டிக்கொள்ளக் கை வரவில்லை. பதினொரு மணிக்கு எதுவும் சொல்லவில்லை என்று இப்போதுதானே சொன்னார்? சொல்லியிருக்கிறான். கூப்பிடாமலே பதில் சொல்லியிருக்கிறான்.

"அப்ப, உனக்கு முதல்லயிருந்தே தெரியும்."

"தெரியும்ணே."

"ஏம்மா சொல்லலை? அன்னைக்கே இதை எடுத்துக் காட்டியிருந்தா என்னை உள்ள தள்ளியிருப்பாங்க."

"தூங்கட்டும்னு அவரே எழுதி வச்சிட்டுப் போயிட்டாரு. நான் எப்படிப் போய் எழுப்புறது? ராத்திரியெல்லாம் வேலை பாத்த மனுசன், கண்ணசந்துட்டாருன்னு மனசைத் தேத்திக்கிட்டேன். எனக்கு ஆத்திரம் இல்லாம இல்ல. நீங்க கொண்டு வர்ற வர்க்கியை நான் ஒரு நாளும் தின்னதில்லை. அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குக் குடுத்துருவேன். நீங்களா வாயத் தொறந்து சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு ஒவ்வொரு ஜனவரியும் டீ போட்டுக்கிட்டு நின்னேன். வால்ல இருக்கறவங்க முதல்ல பேசக் கூடாதுன்னு அவரு சொல்லுவாரு. நானும் பேசலை."

தேவநேசன் நோட்டைப் பார்த்தார். 'பாவம், தூங்கட்டும்.' செத்தவன் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆமாம்மா, அசந்துட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் மன்னித்துவிடுவாள், இருபத்தோரு வருடமாக அதைத்தானே மன்னிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். வியாழக்கிழமைக்குப் பிறகு இவரிடம் யாரும் எதுவும் கேட்கவும் முடியாது. அந்த ஆசை அவருக்கு வந்தது, வரவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். அப்பா மேசையில் பாக்கெட்டைத் தலைகீழாகத் தட்டுகிற சத்தம் நினைவுக்கு வந்தது.

"நான் தூங்கலைம்மா."

வனிதா நிமிர்ந்தாள்.

"முழிச்சுத்தான் இருந்தேன். ரேடியோவுல கிரிக்கெட் வந்துச்சு. அதைக் கேக்கறதுக்கு உன் வீட்டுக்காரன் லைனைத் திருப்பி விட்டுட்டேன். அவன் கூப்பிட்டிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது."

இதை அவள் எதிர்பார்க்கவில்லை. முகம் மாறியது. கையை முழங்காலில் வைத்து அழுத்திக்கொண்டாள். திட்டுவாள் என்று தேவநேசன் காத்திருந்தார். எழுந்து போகச் சொல்லுவாள் என்று காத்திருந்தார். அவள் கேட்டது வேறொன்று.

"ஜெயிச்சுதா?"

"என்னம்மா?"

"அந்த ஆட்டம். நம்மாளுங்க ஜெயிச்சாங்களா?"

"தெரியாதும்மா. அன்னைக்கு அணைச்சதுதான். அப்புறம் நான் கேக்கவே இல்லை."

வனிதா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். சத்தமில்லாத அழுகை. தேவநேசனும் அழுதார், ஆனால் அவள் முன்னால் அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மழை விட்டு, மறுபடி பிடித்துக்கொண்டது.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு நோட்டை வாங்கி மடியில் வைத்தாள்.

"வியாழக்கிழமைக்கு அப்புறம் உங்களால பேச முடியாதுல்ல?"

"முடியாதும்மா."

"அப்ப இப்பவே கூப்பிடுங்க. அன்னைக்குக் கூப்பிட வேண்டியதை இன்னைக்குக் கூப்பிடுங்க."

தேவநேசனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கை தானாக வலது காதுக்குப் போய், அங்கே இல்லாத ஹெட்போனை அழுத்திற்று. வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. மஃப்ளரைத் தளர்த்திவிட்டு மறுபடி முயன்றார்.

"டெயில், எப்படி?"

வனிதா நேராக அவர் கண்ணைப் பார்த்தாள்.

"நார்மல் இல்லண்ணே" என்றாள். "இருபத்தோரு வருசமா நார்மல் இல்ல."

தேவநேசன் நாற்காலியை நகர்த்தி, கேட்கிற காதை அவள் பக்கமாகத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லும்மா" என்றார்.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். நாலரை மணி ஊட்டி பஸ் போனது. அடுத்ததும் போனது. அவர் எழுந்திருக்கவில்லை.